கதவு திறக்கும் காட்சி

கிறிஸ்துமஸின் உட்பொருள் இன்னும் உலகத்துக்குப் புரியவில்லை என்றால், அதற்கு நம் சினிமாக் கம்பெனி முதலாளியைக் குறை சொல்ல முடியாது. அவர் ஏழு படம் எடுத்து விளக்கிவிட்டார். ஏழும் ‘குடும்பத்தோடு பார்க்கத்தக்கவை’. சண்டை இல்லை, சாராயம் இல்லை, முத்தம் என்றால் நெற்றியோடு சரி. ஏழிலும் அப்பா வேடம் அவருக்கே. அழுவதற்கு வெளியாள் எதற்கு?

ஏழுக்கும் முடிவு ஒன்றுதான். வீட்டை விட்டுப் போன பிள்ளை பண்டிகை இரவில் கதவைத் தட்டும். அப்பா திறப்பார். “இந்தக் கதவு என்னைக்கும் உனக்காகத் திறந்தே இருக்கும்மா” என்பார். அரங்கில் மூக்கு உறிஞ்சாத ஆள் கிடையாது.

எட்டாவது படத்தின் கதவுக் காட்சியை அவர் வீட்டு வாசலிலேயே எடுத்தார்கள். ஜன்னலுக்கும் வாசல் முற்றத்துக்கும் கறுப்புத் துணி கட்டி, மண்டையைப் பிளக்கும் வெயிலை இரவாக்கி, சோப்பு நுரையைப் பனியாகத் தூவினார்கள். முதலாளி கம்பளிச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்தார். ‘நிஜ உணர்ச்சி’ வேண்டும் என்பதால் ஒத்திகை என்பதே அவர் கம்பெனியில் கிடையாது. மகளாக நடிக்கும் பெண் தயாரானதும் வந்து தட்ட வேண்டியது, தட்டியதும் கேமரா ஓட வேண்டியது.

“காலைல எடுத்தோமே, பைபிள்ல வர்ற சத்திரக்காரனைத் திட்டுற வசனம், எப்படிய்யா வந்திருக்கு?” என்று இயக்குநரைக் கேட்டார் முதலாளி.

“பிரமாதம் சார். நிறைமாசப் பொண்ணுக்கு இடமில்லைன்னு சொன்னவனை நீங்க கிழிச்ச கிழியில லைட்மேனே அழுதுட்டார்.”

“பின்னே? அவனெல்லாம் மனுஷனாய்யா!”

கதவு தட்டப்பட்டது. கதவோரம் பதுங்கியிருந்த கேமரா ஓடியது. முதலாளி திறந்தார்.

நின்றது நடிகை அல்ல, பெற்ற மகள். போன வருஷம் மனசுக்குப் பிடித்தவனோடு போனவள். அவன் பாதியில் கைகழுவிவிட்டான். கையில் பெட்டி, நிறைமாத வயிறு. நடிகை வந்துவிட்டாள் என்று நினைத்த நுரைக்காரர் அவள் தலையில் தாராளமாகப் பனி பெய்திருந்தார்.

“அப்பா, உங்க படம் பார்த்தேன். கதவு திறந்தே இருக்கும்னு சொன்னீங்களே... அதான் கிளம்பி வந்துட்டேன். எனக்கு வேற போக்கிடம் இல்லப்பா.”

முதலாளிக்கு வசனம் மறந்துபோனது. அது நடிப்பல்ல என்பதை அவர் சார்பில் இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஒரு நிமிஷம் அவர் வெறும் அப்பாவாகத்தான் நின்றார். கை தானாகப் போய் அவள் நெற்றி நுரையை வழித்தது. அப்புறம்தான் கேமராவின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது.

“இந்தக் கதவு என்னைக்கும் உனக்காகத் திறந்தே இருக்கும்மா!” என்று கட்டிக்கொண்டு கதறினார். பாவம், மகளும் நம்பி அழுதாள்.

“கட்! சார், இப்படி ஒரு டேக்கை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல!”

கைதட்டல் ஓய்ந்ததும் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். முதலாளி குறுக்கே கை நீட்டினார்.

“கேமராவை நிறுத்தியாச்சா?”

“ஆச்சு சார்.”

“மைக்கு?”

“அதுவும் ஆச்சு.”

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “இந்தக் கோலத்துல உன்னை உள்ளே விட்டா, நாளைக்கு என் படத்தை எவன்மா குடும்பத்தோட வந்து பார்ப்பான்?”

“அப்பா, இப்பதானே நீங்க...”

“அது படம்மா.”

கதவைச் சாத்தினார். பட்டென்று அல்ல, பதமாகத்தான். நுரை உள்ளே வந்தால் தரை வழுக்கும்.

அவ்வளவு அருமையான டேக்கை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை. முதலாளியின் கண்ணீரை வைத்துக்கொண்டு மகளை மட்டும் வெட்டினார்கள். அந்த இடத்தில் நடிகையை நிறுத்தி எடுத்து ஒட்டினார்கள். படம் வெளிவந்தது. குடும்பம் குடும்பமாக வந்து அழுதார்கள்.

படம் தொடங்கும்போது, வழக்கம்போல, திரையில் ஓர் அறிவிப்பு வரும். எட்டுப் படங்களிலும் பொய் கலக்காத வரி அது ஒன்றுதான்: ‘இதில் வரும் தகப்பன் முழுக்க முழுக்கக் கற்பனையே.’