மச்சான் கொடுத்த ஒரு பாட்டில் ரத்தம்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். இது வழக்கத்துக்காக எழுதும் நலம் அல்ல, ஆய்வகத்தில் சோதித்து முத்திரை குத்திக் கொடுத்த நலம். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இல்லை. உங்களுக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அப்பாடா!

இனி மன்னிப்புக்கு வருகிறேன். இருபத்தெட்டு வருடம் முன்பு என் அறுவை சிகிச்சைக்கு நீங்கள் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் போதும், "மாப்பிள்ளை உடம்புல ஓடுறது என் ரத்தமாக்கும்" என்பீர்கள். போன வருடம் எனக்கு இந்த வைரஸ் என்றதும் முன்பின் யோசிக்காமல் போன் போட்டு, "நீங்க கொடுத்தது ரத்தமா, வினையா?" என்று கத்திவிட்டேன். அந்த ஆத்திரத்தில் நீங்களும் போய்ச் சோதித்தீர்கள், உங்களுக்கும் இருந்தது, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், நீங்கள் என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினீர்கள், உங்கள் தங்கை என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். பதினோரு மாதம் மச்சான்! சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட எனக்கு ஆளில்லை.

மாத்திரை தொடங்கும் முன், நம் வட்டாரத்தில் இந்த வைரஸ் எத்தனை வகை என்று ஆராய மருத்துவமனையில் ரத்தம் கேட்டார்களே, நீங்கள் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு, நடுவில் உங்கள் தங்கை. ரத்தம் எடுத்த பெண்ணின் கையெழுத்து கோழி கிளறினது போல இருந்ததால் நம் இருவர் குழாயிலும் பெயரை நானே எழுதினேன். ஆவண அறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான், ஒரு கோப்பு மாறியதில்லை.

முடிவு நேற்று வந்தது. அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சார், வைரஸ் தன்னைத்தானே நகலெடுக்கும், எடுக்கும்போது தப்பு விடும். அந்தத் தப்பை ஒப்பிட்டா எது எதோட சொந்தம்னு தெரியும். உங்க ரெண்டு பேரோடதும் ஒட்டுமில்ல உறவுமில்ல." எனக்கு வந்தது பழைய காலத்து ஊசியாலோ சவரக் கத்தியாலோ இருக்கலாமாம். ரத்தம் கொடுத்த இருநூறு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்றாம் வகை, உங்களுக்கும் அதேதான். எனக்கு ஆறாம் வகை! வட்டாரத்திலேயே ஒரே ஆள். பெருமைக்குச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். உங்கள் மேல் ஒரு பழியும் இல்லை. வீட்டில் இதைச் சொன்னேன். உங்கள் தங்கை வாய் திறக்காமல் காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரத்தம் ஓடும் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டரம்மாவின் போன். என் மருத்துவமனைக் கோப்பில் முதலிலிருந்தே மூன்றாம் வகை என்றுதான் இருக்கிறதாம். என் கோப்பை நான் பிரித்தே பார்த்ததில்லை. "நீங்க எழுதின பேர்தான் மாறியிருக்கு சார்." ஆகவே அந்த அபூர்வ வகை உங்களுடையது. நான் கும்பலில் ஒருவன். பக்கத்தில் நின்று கேட்ட உங்கள் தங்கை, "பேர் மாறினாலும் ரெண்டும் வேற வேறதானே? அண்ணன் மேல தப்பில்ல. ஞாயித்துக்கெழம வரச் சொன்னத மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் அடிச்சிடுங்க" என்றாள். பதினோரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. அடிக்க எனக்குக் கை ஓடவில்லை மச்சான், நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.