மலையை வலம் வந்த படகு

திருவண்ணாமலையில் மலையை வலம் வந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. சாமியார்கள் வந்திருக்கிறார்கள், ராஜாக்கள் வந்திருக்கிறார்கள், டைப்ரைட்டிங் பரீட்சையில் தேறினால் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு நானே இரண்டு தடவை வந்திருக்கிறேன். ஆனால் படகோடு வலம் வந்தவர் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்து ரிக்கார்டு கிளார்க். ஏலம் சார் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவர் உட்பட.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோதே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எங்காவது ஏலம் என்று காதில் விழுந்தால் அவர் கால் தானாக அங்கே போகும். தேவையா இல்லையா என்று பார்ப்பதெல்லாம் கடைக்குப் போனால்தான், ஏலத்தில் அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மூடிப்போன டூரிங் டாக்கீஸில் எடுத்த நாற்காலிகள் நாலு அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தன. நாலும் ஒரே கம்பியில் பிணைத்தவை. யார் போனாலும் வரிசையாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டு வரவேண்டும். பேப்பர் படிக்க மட்டும் அவர் ஒரு பல் டாக்டர் நாற்காலி வைத்திருந்தார். அதில் சாய்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். தலைப்புச் செய்தி முழுவதும் அப்படியேதான் படிப்பார்.

இந்தச் சாமான்களுக்கு நடுவில் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்தவர் அவர் மனைவி. தெருவில் கடலூரம்மா என்பார்கள். அவருடைய அப்பா கடலூரில் கழிமுகத்தில் தோணி ஓட்டியவர். அந்தம்மா நடக்கப் பழகுவதற்கு முன்பே துடுப்புப் பிடித்ததாகக் கேள்வி. பெண் பார்க்க வந்தபோது அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான். மாப்பிள்ளை ஊரில் தண்ணீர் இருக்கிறதா? ஏரி இருக்கிறது, படகே விடலாம், உங்கள் பெண்ணைக் கட்டாயம் படகில் வைத்து அழைத்துப் போவேன் என்று ஏலம் சார் வாக்குக் கொடுத்துவிட்டார். ஏரி இருந்தது உண்மை. அதில் தண்ணீர் இருக்குமா என்று அந்தப் பெரியவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தை குட்டி இல்லை. அம்மாவும் பொறுத்துப் பார்த்தார். அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும், துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாராம்.

"பொங்கலுக்குள்ள என்ன ஒரு தடவ படகுல ஏத்துங்க. இல்லன்னா நான் கடலூர்ல அண்ணன் வீட்டோட போயிடறேன். அப்புறம் வரமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். இதை ஏலம் சாரே ஆபீசில் வந்து சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தம்மா ஒருநாள் காப்பியை விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லி, அதற்குப் பிறகு பதினொரு வருஷமாகக் காப்பியைத் தொடாதவர்.

ஏலம் சார் லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் போனார். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான்கள் ஏலத்துக்கு வரும் இடம் அவருக்குத் தெரியும். அங்கே ஒரு படகு கிடைத்தது. திண்டு மாதிரி நீளமான இரண்டு ரப்பர் பைகள், அவற்றுக்குக் காற்றடிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கக் குழாய்ச் சட்டம், சட்டத்தின் மேல் உட்காரப் பலகை, இரண்டு துடுப்பு. காற்றடிக்கும் பம்பு அதோடு சேராமல் அடுத்த லாட்டில் தனியாக ஏலத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து நம்மவர் சாப்பிடப் போயிருந்தார். பம்பு வேறு யாருக்கோ போய்விட்டது. படகில்லாத பம்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தாரோ என்று ஏலம் சார் கடைசிவரை கவலைப்பட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார் இது?" என்று கேட்டாராம்.

"படகு."

"எந்த ஊருக்குப் போவுது?"

"திருவண்ணாமலைக்கு."

கண்டக்டர் மூட்டையை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். "அங்க மலைதானே சார் இருக்குது?" என்றார். பக்கத்தில் ஏரியும் இருக்கிறது என்று இவர் சொன்னதும் அதற்கு மேல் கேட்கவில்லை. படகுக்கு எப்படி லக்கேஜ் போடுவது என்று தெரியாமல் பாய்க்கட்டு என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆண்டவன் புண்ணியத்தில் அந்த வருஷம் மழை ஜாஸ்தி. மலைக்கு வடக்கே இருந்த சின்ன ஏரி நாலு வருஷத்துக்குப் பிறகு நிரம்பியிருந்தது. ஆனால் வருகிற திங்கட்கிழமை பாசனத்துக்கு மதகு திறக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். திறந்தால் நாலே நாளில் அங்கே மாடு மேயும். ஆகவே ஏலம் சாருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒத்திகை நடந்தது. ஆபீசிலிருந்து நாங்களும் உதவிக்குப் போயிருந்தோம். படகோடு வந்த செய்முறைக் காகிதம் எங்களில் ஒருவருக்கும் தெரியாத பாஷையில் இருந்தது. படம் மட்டும் பார்த்து மூன்று மணி நேரம் மரை முடுக்கினோம். கடலூரம்மா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார்.

"பலகை அடியில இருக்குதுங்க," என்றார்.

"அது அப்படித்தான்."

"அப்ப தண்ணிக்குள்ள உக்காந்துக்கினு போவணுமா?"

ஏலம் சார் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதுவரை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது நான்தான். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகுச் சாமான் எல்லாம் சைக்கிள் கடைக்குப் போயிற்று. பம்பை ஏரிக்குக் கொடுத்தனுப்பக் கடைக்காரர் ஒப்பவில்லை. போன தடவை வெளியே கொடுத்த பம்பு இன்னும் வரவில்லையாம். ஆகவே அவர் கடை வாசலிலேயே ஐந்து குமாஸ்தாக்கள் முறைபோட்டுக் காற்றடித்தோம். சைக்கிள் பம்பினால் படகுக்குக் காற்றடிப்பது எப்படி என்று கேட்டால், ஸ்பூனால் கிணறு இறைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு இரண்டு திண்டும் புடைத்து நின்றன. சட்டத்தை மாட்டி, முனுசாமியின் மாட்டு வண்டியில் படகை ஏற்றிக் கட்டினோம். ஏரி ஒன்றரை மைல்தான். அந்தம்மாவைப் பத்து மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தது.

அப்போதுதான் எங்கள் ஹெட் கிளார்க் தட்டோடு வந்து சேர்ந்தார். புது வண்டி எடுத்தால் பூஜை போடாமல் எடுக்கலாமா என்றார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லாததால் வண்டிச் சக்கரத்துக்கு வைத்தார். ரப்பரில் சந்தனம் குங்குமம் இட்டு, முன்னால் பெரிய மாலை ஒன்று சாத்தி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது.

வண்டி கிளம்பியது. ஏரிக்குப் போகும் சாலைப்பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது. ஏலம் சார் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

"வெறும் சாமான்னா எப்பிடி வேணா ஏத்திக்கினு போவேங்க," என்றான் முனுசாமி. "மாலை போட்டு கற்பூரம் காட்டிட்டீங்க. இனிமே இது சாமான் இல்ல. இத மலைக்கு இடமா ஓட்ட மாட்டேன்."

ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலை நம் வலப்பக்கம் இருக்கும்படிதான் வலம் வரவேண்டும். ஏரிக்கு நேர்வழியில் போனால் மலை இடப்பக்கம் இருக்கும். மனிதர்களும் மாடுகளும் தினமும் அப்படித்தான் போய்வருகிறார்கள், அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் மாலையும் கழுத்துமாகப் புறப்பட்டுவிட்ட ஒன்றை யார் இடமாக ஓட்டுவார்கள்? மாலையைக் கழற்றிவிடலாம் என்றார் ஏலம் சார். போட்டதைக் கழற்றினால் அது இன்னும் மோசம் என்றான் முனுசாமி. நாங்களே தூக்கிக்கொண்டு நேர்வழியில் போய்விடலாம் என்று ஏலம் சார் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் மலையைப் பார்த்தோம். எனக்கும் துணிச்சல் வரவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, ஒன்றரை மைலில் இருந்த ஏரிக்கு ஆறரை மைல் சுற்றிப் போனோம். ஹெட் கிளார்க் சைக்கிளில் நேர்வழியில் போய் அந்தம்மாவிடம் தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டார். போனவர், படகு புறப்பட்டாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எந்தப் பக்கமாகப் புறப்பட்டது என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

மாலை போட்ட எதுவும் கிரிவலப் பாதையில் வேகமாகப் போகமுடியாது. எதிரே வந்த பஸ் நின்று வழிவிட்டது. டிரைவர் இறங்கிக் கும்பிட்டார். வலம் போய்க்கொண்டிருந்தவர்கள் வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கோஷ்டி பஜனை பாட ஆரம்பித்தது. எந்த ஊர் சாமி என்று கேட்டவர்களுக்கு, கடல் தாண்டி வந்தது என்று முனுசாமி பொய்யில்லாமல் பதில் சொன்னான். ஏலம் சார் மட்டும் வெயிலில் நின்று மணி பார்த்தார். "பத்து மணிக்கு வரச் சொன்னேன்யா," என்று என்னிடம் நாலைந்து தடவை சொன்னார். அப்போது மணி இரண்டு.

மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலை கிராமத்தில் பெண்கள் தேங்காய் பழத்தோடு காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அர்ச்சனை முடிந்தது. பக்தர் ஒருவர், தட்டு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, கற்பூரத்தை ஏற்றி ரப்பரின் மேலேயே வைத்துவிட்டார். படகு புஸ்ஸென்று சீறியது. சாமி பேசிவிட்டது என்று கூட்டம் முழுக்கத் தரையில் விழுந்து கும்பிட்டது. நின்றுகொண்டிருந்தவர் ஏலம் சார் ஒருவர்தான்.

அந்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஓட்டைக்குப் பஞ்சர் ஒட்டி மறுபடி காற்றடித்தார். சாமி காரியம் என்று காசு வாங்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிட்டார். "கட்டைவெரல வெச்சு அழுத்திக்கினே இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். எடுத்தா நான் பொறுப்பில்ல."

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. மதகு மேடையில் கடலூரம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் திறக்காத டிபன் கேரியர், இன்னொரு பக்கம் டிரங்குப் பெட்டி. படகு வந்தால் படகு, வராவிட்டால் அப்படியே கடலூருக்குப் போக விழுப்புரம் பஸ் என்று முடிவுசெய்துதான் வந்திருந்தார். பஜனை கோஷ்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். ஏலம் சார் வண்டிக்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கேலியெல்லாம் போய்விட்டது.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. இருவருக்குத்தான் இடம். ஏலம் சாருக்கு நீச்சல் தெரியாது, துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது. அந்தம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, "நவுருங்க," என்று துடுப்பை வாங்கிக்கொண்டார். நாலே இழுப்பில் படகு ஏரி நடுவில் இருந்தது. அதுவரை அந்தம்மாவின் தோள் அவ்வளவு அகலம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏலம் சார் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைக் கட்டைவிரலால் பஞ்சரை அழுத்தியபடி அசையாமல் இருந்தார். பஜனைக்காரர்கள்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். காற்றில்லை, அவர்கள் பேசியது கரைக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயமா இருக்குதாங்க?"

"கொஞ்சம். காலை எங்க வெக்கறதுன்னே தெரியல."

அந்தம்மா இரண்டு துடுப்புப் போட்டார். பிறகு, "உங்க ஊர்ல எனக்கு பதினெட்டு வருஷமா அப்படித்தான் இருந்துது," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் இறங்கும்வரை ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கரையேறியதும் ஏலம் சார் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்தம்மா டிபன் கேரியரோடு பின்னால் போனார்.

திங்கட்கிழமை காலையில் அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். கடலூருக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு டைப் அடிக்க வேண்டும் என்றார். நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். எந்த ஊரில் எந்த ஏலமானாலும் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுகிறவர், மலை முகத்தில் விழிக்காமல் பல் துலக்காதவர். மெட்ராஸில் தங்கிய அந்த ஒரு ராத்திரியே தூக்கம் வரவில்லை என்று புலம்பியவர்.

"காரணம் என்ன சார் போடறது?"

"என் சம்சாரம் பதினெட்டு வருஷம் எங்க ஊர்ல இருந்துட்டாங்க, மீதி நாள் நான் அவங்க ஊர்ல இருக்கணும்னு போடு."

அப்படியொரு காரணம் விதியில் கிடையாது என்று ஹெட் கிளார்க் அடித்துச் சொல்லிவிட்டார். ஆகவே சொந்தக் காரணம் என்று போட்டோம்.

டைப் அடிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தேதியிலோ பெயரிலோ ஒரு பிழை இருந்தால் போதும், மனு திரும்பி வந்துவிடும். இன்னும் இரண்டு மாதமாவது அவர் எங்களோடு இருப்பார். பிழை விடாமல்தான் அடித்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.