பெரியவருக்கு வயிறு சரியில்லை

மாதம் முடியும்வரை மகளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று லிஃப்ட்காரர் தீர்மானம் போட்டார். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் முன்மொழிந்தார், அவரே வழிமொழிந்தார். மனைவி தையல் மெஷினில் யாருடைய ஜன்னல் திரைக்கோ விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

சொல்லக் கூடாத விஷயம் கூண்டுக்குள் ஒரு பழைய துண்டின்மேல் படுத்திருந்தது. அது மகள் கல்லூரிக் காலத்தில் வாங்கி வந்த கினிப்பன்றி. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், அதை அப்பா அம்மாவிடம் விட்டுப்போனாள். இப்போது அதற்கு ஏழு வயது. கினிப்பன்றிக் கணக்கில் எண்பதைத் தாண்டிய ஆள். அதனால் வீட்டில் அதற்குப் பெயர் பெரியவர்.

பெரியவருக்கு ஒரு வாரமாக வயிறு சரியில்லை. முதலில் பேதி. பிறகு அதுவும் இல்லை, புழுக்கையும் இல்லை, தீனியும் இல்லை. வயிறு மட்டும் பந்துபோல உப்பிக்கொண்டது. காரணம் லிஃப்ட்காரருக்குத் தெரியும். பல் தேய்ந்த கிழம் காய்ந்த புல்லை மெல்லப் படும் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல், அரை வெள்ளரிக்காயைச் சீவி உள்ளே தள்ளியவர் அவர்தான். இது மனைவிக்குத் தெரியாது என்று அவர் நம்பினார். மறுநாள் குப்பைக் கூடையில் வெள்ளரித் தோலைப் பார்த்த மனைவி, அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கால்நடை டாக்டர் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "குடல் சரியா ஓடலையே" என்றார்.

"மோட்டார் நின்னு போச்சா சார்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் சோதனை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாமே மோட்டார்தான்.

"நிக்கப்போகுது. இந்தப் பிராணிக்கு வயித்துல எப்பவும் ஏதாவது போய்க்கிட்டே இருக்கணும். வாயுவுக்கும் வலிக்கும் மருந்து தரேன். தீனி உருண்டையை ஊறவெச்சுக் கரைச்சு, சிரிஞ்சால கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. வாய்க்கு நேரா பீய்ச்சாதீங்க, புரையேறும். கன்னத்து ஓரமா. புதுசா எதையும் கொடுக்காதீங்க. முக்கியமா வெள்ளரிக்காய், தண்ணிக் காய் எதுவும் வேண்டாம்."

லிஃப்ட்காரர் சுவரில் இருந்த நாய்ப் படத்தை ஆழ்ந்து கவனித்தார்.

"நாம ஊட்டுறது தாக்குப் பிடிக்கத்தான். அதுவா புல்லைக் கடிச்சு மென்னா பிழைக்கும். வயசாயிடுச்சு, பார்க்கலாம்."

மகள் மாதக் கடைசியில் வருவதாக இருந்தாள். புது வேலை, அதற்கு முன் லீவு கேட்க முடியாது. விஷயம் தெரிந்தால் அழுவாள், வேலையில் கவனம் போகும். அவள் வரும்வரை பெரியவரை உயிரோடு வைத்திருப்பது, அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பது. தீர்மானத்தின் சாரம் இதுதான்.

"நீயும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். "பெரியவர் எங்கே? ஒரு விசில் அடிக்கச் சொல்லுங்க."

பெரியவரின் விசில் பிரசித்தம். ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் போதும். 'வீக், வீக்' என்று மாடி முழுக்கக் கேட்கும். அது நின்று ஒன்பது நாளாகியிருந்தது. லிஃப்ட்காரர் போனை மனைவி கையில் திணித்தார். "முதுகை மட்டும் காட்டு" என்று ஜாடை செய்தார். அறுபத்து மூன்று வயது முழங்கால்களை மடக்கிக் கூண்டுக்குப் பின்னால் பதுங்கினார். உதட்டைக் குவித்தார்.

"வீக்... வீக்... வீ..." நடுவில் இருமல் வந்துவிட்டது.

"யாருப்பா இருமினது?"

"உங்கம்மா," என்றார் கூண்டுக்குப் பின்னாலிருந்து.

"நல்லா இருக்காரு" என்றாள் மகள். "அப்பா, எங்கேயோ படிச்சேன், வயசான கினிப்பன்றிக்கு வயித்தை வட்டமா தடவிவிட்டா நல்லதாம். சும்மா சொன்னேன்."

எவ்வளவு பொருத்தமான சமயத்தில் படித்திருக்கிறாள் என்று அவர் வியந்தார். போனை வைத்ததும் மனைவி பக்கம் திரும்பினார். "எப்படி? நம்பிட்டா பார்த்தியா?"

"நம்பினா. ஆனா ரொம்ப மோசமா அடிச்சீங்க. அடுத்த வாரம் மாட்டிப்பீங்க."

"மோசமாவா?"

"பின்னே? பிரஷர் குக்கர் மாதிரி இருந்துச்சு. தினமும் ஒத்திகை பாருங்க. காலைல எட்டு, பதினொண்ணு, ரெண்டு, அஞ்சு."

"நாலு வேளையா? இது என்ன கச்சேரியா?"

"உங்க இஷ்டம். பொண்ணு கண்டுபிடிச்சு அழுதா என்னைச் சொல்லாதீங்க."

அவர் நாலு நேரத்தையும் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒத்திகை. பால்கனியில் பார்க்கிறேன் என்றார், கூடாது என்றாள். "கூண்டுகிட்ட இருந்து சத்தம் வரணும். குனிங்க. இன்னும் குனிங்க. அது காது பக்கத்துல வாயை வெச்சு அடிங்க."

"அது காதுகிட்ட எதுக்கு?"

"அங்கேயிருந்து வந்தாத்தானே அது அடிக்கிற மாதிரி இருக்கும்? இது கூடவா தெரியாது உங்களுக்கு?"

அவர் தரையில் கையூன்றி, உதட்டைக் குவித்துப் பழகினார். மனைவி பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, புல்லைப் பொடிப்பொடியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை எதையோ கூண்டுக்குள் நீட்டுவது ஓரக்கண்ணில் தெரியும். திரும்பிப் பார்த்தால் அதட்டுவாள். "சுருதி போகுது. முன்னால பாருங்க."

மூன்றாம் நாள் மாடிப்படியில் கீழ் வீட்டு நர்ஸம்மா மறித்தாள். "ஏன் சார், உங்க வீட்ல தினம் யாரு விசில் அடிக்கிறது?"

"நான்தாம்மா."

"யாரைப் பார்த்து?"

"கினிப்பன்றியை."

நர்ஸம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்ல. வீட்ல அவங்க நல்லா இருக்காங்களா?"

தினமும் காலையில் சமையல் தராசில் பெரியவரை வைத்து எடை பார்ப்பது லிஃப்ட்காரரின் பொறுப்பு. முதல் நாள் எண்ணூற்று நாற்பது கிராம். பிறகு எண்ணூறு. பிறகு எழுநூற்று அறுபது. தூக்கும்போது முதுகெலும்பு கையில் சீப்புபோலத் தட்டுப்பட்டது. அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். எந்த லிஃப்டில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கேட்டே சொல்லும் காது. உள்ளே ஒன்றும் கேட்காது. எப்போதாவது தொலைதூரத்தில் ஒரு குமிழி வெடிக்கும். அன்று முழுக்க அவர் உற்சாகமாக இருப்பார்.

இரண்டாம் வாரம் எடை எழுநூற்று அறுபதிலேயே நின்றது. ஒருநாள் துண்டின்மேல் நான்கு புழுக்கைகள். சின்னவைதான், கோணலானவைதான். ஆனாலும் புழுக்கை. அவர் மனைவியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தியா? என் சிரிஞ்சு வைத்தியம்!"

"ஆமாங்க" என்றாள். "மணி அஞ்சாகுது. ஒத்திகையை ஆரம்பிங்க."

அந்த வியாழக்கிழமை மாலை ஐந்துக்கும் அவர் ஒத்திகையில் இருந்தார். முகம் கூண்டுக்குள், முதுகு வாசலுக்கு. மனைவி கதவைத் திறந்தது கேட்டது. பால்காரராக இருக்கும் என்று விசிலைத் தொடர்ந்தார். பின்னால் ஒரு பையைத் தரையில் வைக்கும் சத்தம். அவர் தலையைத் திருப்பப் போனார்.

"நிறுத்தாதீங்கப்பா" என்றது மகளின் குரல். "தின்னுக்கிட்டிருக்கு."

அவர் அப்போதுதான் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். பத்து நாளாக முன்னால் பார்க்கச் சொல்லி அதட்டியதில் அவர் பார்க்கவே இல்லை. பெரியவரின் காது அவர் பக்கம் விறைத்திருந்தது. தாடை அசைந்தது. மனைவி விரலிடுக்கில் பிடித்திருந்த புல் துணுக்கு, நூல் நூலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் விசிலை நிறுத்தினால் தாடையும் நின்றது. அடித்தால் அசைந்தது.

அவர் அடித்தார். உதடு நடுங்கும்போது விசில் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது.

மகளுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். தீர்மானம் நிறைவேறிய அன்று மதியமே அம்மா போன் செய்துவிட்டாள். மகள் மேலதிகாரியிடம் கெஞ்சி, நாலு நாள் லீவு வாங்கி வந்திருந்தாள்.

"அப்போ அந்த விசில்?"

"அது இருமாதுப்பா" என்றாள் மகள்.

பெரியவர் சனிக்கிழமை காலைவரை இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் மடியிலேயே கிடந்து, அவள் கையால் மூன்று துணுக்குப் புல் தின்றது. சனிக்கிழமை லிஃப்ட்காரர் எட்டு மணிக்குத் தரையில் கையூன்றிக் குனிந்தார். அடித்தார். காது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் அடித்தார். மகள் அவர் தோளில் கை வைத்தாள். "போதும்பா." அவர் இன்னொரு முறை அடித்தார்.

குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குழி வெட்டினார்கள். நர்ஸம்மா கீழே வந்து ஒன்றும் கேட்காமல் நின்றாள். ஞாயிறு மதிய வண்டியில் மகள் திரும்பிப் போனாள். வண்டியில் ஏறும் முன் அப்பாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "நீங்க நினைச்சபடி மாசக் கடைசிக்கு வந்திருந்தா, வெறும் கூண்டைத்தான் பார்த்திருப்பேன்."

வீடு திரும்பியதும் மனைவி கூண்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அவர் தராசைத் துடைத்து அடுப்படி அலமாரியில் வைத்தார். பிறகு இருவருக்கும் வேலை இல்லை. மெஷின் மூடியிருந்தது. ஐந்து மணி வந்தது, போனது.

"முதல் ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்" என்றாள் மனைவி. "நீங்க பின்னால ஒளிஞ்சு அடிச்சப்போ அது தலையைத் தூக்குச்சு. இன்னொண்ணு கூட இருக்குன்னு நினைச்சிருக்கும் போல. பக்கத்துல கிடந்த புல்லைக் கடிச்சுது."

அவர் கவிழ்த்து வைத்த கூண்டின் பக்கம் திரும்பினார்.

"அப்போ ஒத்திகையெல்லாம் அதுக்குத்தானா?"

"பின்னே எதுக்கு?"

"அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்திரண்டு வருஷத்துல, நான் நேரா சொல்லி நீங்க செஞ்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க."

லிஃப்ட்காரர் கல்யாணமான நாளிலிருந்து வருடம் வருடமாக யோசித்துக்கொண்டு வந்தார். விளக்குப் போடும் நேரமாகியும் ஒன்றும் அகப்படவில்லை.