உபகாரச் சம்பளமும் கமலா அக்காவின் சோபாவும்

எங்கள் வீட்டில் ஒருநாளும் மழை ஒழுகியதில்லை. இந்தச் சின்ன உண்மையை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

ஒழுகவும் வழியில்லை. கிள்ளானில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தோம். எங்கள் தலைக்கு மேல் மூன்று குடும்பங்கள் நடந்தன, சமைத்தன, சண்டை போட்டன, சமாதானமாயின. மழை எங்களிடம் வர வேண்டுமென்றால் அந்த மூன்று வீட்டிலும் அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும். ஆனால் ஐந்தாம் படிவத்தில், பதினேழு வயதில், உபகாரச் சம்பளம் கேட்டு அனுப்பிய கட்டுரையில் நான் எழுதியது இது:

'எங்கள் கூரையின் ஓட்டைகளில் நட்சத்திரங்களை எண்ணியபடி படித்தேன். மழை வந்து என் புத்தகங்களில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும்.'

(நட்சத்திரமும் மழையும் ஒரே ஓட்டை வழியாக. அந்த வயதில் வானிலை என் பேச்சைக் கேட்டது.)

முதலிலேயே பொய் எழுதவில்லை. அதற்கு முன் பதினோரு இடங்களுக்கு உண்மையை எழுதி அனுப்பியிருந்தேன். பள்ளி அறிவிப்புப் பலகை, நூலகத்துப் பத்திரிகை, ஆலோசக ஆசிரியையின் மேசை இழுப்பறை என்று எங்கே உபகாரச் சம்பளம் என்ற சொல் தலைகாட்டினாலும் நான் அங்கே நின்றேன். சான்றிதழ் நகல்களில் முத்திரை வாங்க நான் படியேறும்போதே அலுவலகத்து அக்கா மைப்பெட்டியைத் திறந்துவிடுவார். "இன்னிக்கும் நீதானா?" பதினோரு இடத்திலிருந்தும் ஒரே பதில்: வருந்துகிறோம். எனக்காக நாட்டில் இத்தனை பேர் வருந்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் கஷ்டத்தில் சுவை போதவில்லை என்று முடிவு செய்தேன். அப்பா லோரி ஓட்டுபவர். அந்த வருடம் முதுகு பிடித்துக்கொண்டு, வாரத்தில் பாதி நாள் பாயில் குப்புறக் கிடந்தார். அவ்வளவுதான் எங்கள் கதை. கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. உதவி கிடைக்காவிட்டால் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை வேலை. அங்கே சட்டை அளவுகூடக் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஒரு பக்கம் கல்லூரி, ஒரு பக்கம் மீடியம் சைஸ் நீலச் சட்டை. நடுவில் நான், பேனாவோடு.

அதனால்தான் பன்னிரண்டாவது கட்டுரையில் கூரையைப் பிய்த்தேன்.

அது போய்ச் சேர்ந்த பிரிக்பீல்ட்ஸ் அறவாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வருத்தம் இல்லை! 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அதிகாரி தங்கள் இல்லத்தை நேரில் காண வருவார்.'

"வீட்டுக்கா வராங்க?" என்றார் அம்மா. எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இடதுபக்கம் மட்டும் திரும்பும் ஒரு மேசைக் காற்றாடி.

"அம்மா, எதையும் மாத்தாதீங்க. அவங்க நம்ம கஷ்டத்தப் பார்க்கத்தான் வராங்க."

"சரி. கஷ்டத்தப் பார்க்க வர்றவங்க எங்க உட்காருவாங்க? கஷ்டத்து மேலயா?"

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சனிக்கிழமை காலை ஒரு வாளியைக் கூடத்தின் நடுவில், ஒழுகாத கூரையின் ஒழுகாத இடத்துக்கு நேர் கீழே வைத்தேன். இரண்டடி பின்னால் நகர்ந்து அதன் சோகத்தை ரசித்தேன். பிறகு அதிகாரிக்கு வழி காட்ட, பெரிய சாலை பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

அந்த முக்கால் மணி நேரம் அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

அதிகாரி ஒரு தமிழ் அம்மையார். கைத்தறிச் சேலை, கனமான கோப்பு, நிதானமான நடை. அவரை அழைத்துக்கொண்டு வந்து கதவைத் தள்ளினேன். தவறான வீடு என்று நினைத்து உடனே மூடினேன். மறுபடி திறந்தேன்.

கூடம் நிறைய ஒரு சோபா. கீழ்வீட்டுக் கமலா அக்காவுடையது, மெரூன் வெல்வெட். அதற்கு எதிரே, பக்கத்து வீட்டு லிம் அங்கிளின் பெரிய தொலைக்காட்சி. நடுவில் என் வாளி, உள்ளே பிளாஸ்டிக் ரோஜாக்கள். ஓரமாக அப்பா. சோபாவை மாடிக்குத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது அவர் நின்ற கோணத்திலேயே தெரிந்தது.

"வாங்க மேடம், உட்காருங்க" என்றார் அம்மா, பத்து வருடமாகச் சோபா வைத்திருப்பவர் மாதிரி.

மேடம் அமர்ந்தார், சோபாவுக்குள் பாதி மறைந்தார். கோப்பைத் திறந்தார். "அப்பாவுக்கு முதுகு வலின்னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க மேடம்" என்றார் அப்பா. "காலையிலேருந்து ரொம்ப அதிகம்."

அடுத்து மேடம் அண்ணாந்து பார்த்தார். வெள்ளை அடித்த சிமெண்டுக் கூரை. அதற்கு மேலே யாரோ சம்பாலுக்கு மிளகாய் இடிக்கும் சத்தம்.

"நட்சத்திரம் எந்தப் பக்கம்மா தெரியும்?"

நான் வாளியைப் பார்த்தேன். வாளி ரோஜாக்களோடு என்னைப் பார்த்தது.

"மழை ஒழுகுமாமே?" என்று மேடம் அம்மாவிடம் கேட்டார். என் கட்டுரையை அம்மா படித்ததே இல்லை.

"எங்க வீட்லயா? சேச்சே! யார் சொன்னது? ஒரு சொட்டு ஒழுகாது மேடம்!"

அப்போதே முடிந்தது என்று நினைத்தேன். நீலச் சட்டையின் பித்தான்களை மனத்துக்குள் போட ஆரம்பித்தேன். ஆனால் எங்கள் குடியிருப்பில் எதுவும் அத்தனை சீக்கிரம் முடியாது. வாசலில் லிம் அங்கிள் நின்றார், எங்களோடு பழகிப் பழகி ஒருமாதிரித் தமிழ் பேசுபவர்.

"அக்கா, சோரி லா. பேட்மிண்டன் ஸ்டார்ட் ஆயிருச்சு. டிவி தூக்க வேணாம், நான் இங்கயே பார்க்கறேன்." மேடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

இரண்டு நிமிடத்தில் கமலா அக்கா, மூச்சிரைக்க. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்துட்டாரு. சோபாவுல படுத்தாத்தான் தூக்கம் வரும் அவருக்கு. இப்ப தரையில உட்கார்ந்துக்கிட்டு, சோபா எங்கன்னு கத்தறாரு."

இறகுப்பந்து தொலைக்காட்சியில் இங்கும் அங்கும் போய் வந்தது. அம்மாவின் முகம் சிறுத்துச் சிறுத்து ஒரு குழந்தையின் முகமாயிற்று. முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"பொய் சொல்லணும்னு இல்ல மேடம். நம்ம வீட்டுக்கு வர்றவங்க தரையில உட்காரக் கூடாதேன்னுதான்..."

அப்பா மெல்லச் சோபாவை நோக்கி நகர்ந்தார்.

"நீங்க விடுங்க அண்ணே" என்றார் மேடம். எழுந்தார். கோப்பை லிம் அங்கிளின் மடியில் வைத்தார், சேலையை இழுத்துச் செருகினார், சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். "அங்கிள், நீங்களும் கொஞ்சம் எழுந்திரிங்க லா."

மேடம் ஒரு பக்கம், நானும் கமலா அக்காவும் மறுபக்கம். உபகாரச் சம்பளம் தர வந்தவர் எங்கள் படிக்கட்டில் "மெதுவா, மெதுவா, திருப்பு, திருப்பு" என்று கத்தியபடி மெரூன் வெல்வெட்டோடு இறங்கியதை அந்தப் பக்கத்து ஐந்து மாடியும் எட்டிப் பார்த்தது.

திரும்பி வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இப்பத்தான் முழங்காலுக்குச் சுகமா இருக்கு. உள்ள என்ன, கோழிக் குழம்பா?" வலைபோல் மெல்லிய ரொட்டி ஜாலாவைக் குழம்பில் தோய்த்து ஐந்து சாப்பிட்டார். அம்மாவின் முகம் ஒவ்வொரு ரொட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கை கழுவியபின் என்னைக் கேட்டார்: "நீ எழுதினதுல எது நிஜம்?"

"அப்பா முதுகு" என்றேன். "அப்புறம், படிக்கணும்னு கடைசியில எழுதினது."

கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தார். "இப்பவே எழுது. கூரைய விட்டுடு."

வாளியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டு எழுதினேன். அரைப்பக்கம்தான் வந்தது. முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது: 'எங்கள் வீட்டில் சோபா இல்லை. ஆனால் யாராவது வந்தால், சோபாவும் வந்துவிடும்.'

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா நின்றபடியே இரண்டு முறை படித்தார். உட்காரவில்லை. முதுகுதான் காரணம் என்றார். நீலச் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டார்கள்.

இன்றுவரை நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அப்பா மறுத்துப் பேச மாட்டார். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். போதும், வீடே சிரிக்கும். என் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்க வருகிறவர்களிடம், "இதுல பாதி கமலாவோட சோபாவுக்கு" என்பார்.

இப்போது காஜாங்கில் இருக்கிறோம். சொந்தச் சோபா இருக்கிறது. போன மாதம் என் மகள் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தாள். எல்லாம் கணினியில்தான். முத்திரை இல்லை, வீட்டுக்கு வருகிறவர் இல்லை, வீடியோவில் நேர்காணல் மட்டும்.

"அதுல இவளுக்குப் பின்னாடி என்ன தெரியும்?" என்று கேட்டார் அம்மா.

"சுவர்தான்மா."

"வெறும் சுவரா?"

நான் தேநீர் போட்டு முடிப்பதற்குள், பக்கத்து வீட்டுக் கண்ணாடி அலமாரி எங்கள் வாசற்படியில் நின்றது. உள்ளே அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பைகள்.

"பாட்டி, வேணாம் லா!" என்று அறைக்குள்ளிருந்து என் மகள் அலறினாள்.

"கோப்பையத் திருப்பி வச்சிட்டா பேரு தெரியாதுடி" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்தார், எழுபத்து மூன்று வயதில், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு. "என்ன நிக்கறே?"

அப்பா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.