சேர்மன் அண்ணன் கொண்டுவந்த தீர்மானம்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே ஒரு வங்கிக்கும் பிஸ்கட் ஆலைக்கும் சிமெண்ட் கம்பெனிக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் முதலாளியாக இருந்த ஒரே மனிதர், மலேசியாவிலேயே எங்கள் சேர்மன் அண்ணன்தான். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அவரோடு கிள்ளானில் ஒரு நடை நடந்திருக்க வேண்டும். "நம்ம பேங்குதான் தம்பி" என்று ஏடிஎம் இயந்திரத்தைக் காட்டுவார். இயந்திரம் பழுதாகி நின்றால் முகம் வாடிவிடும். வரிசையில் நிற்பவர்களிடம் தானே மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். விடுமுறை விண்ணப்பப் பாரங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். மற்றவர்கள் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல், மாமியாருக்குக் காய்ச்சல் என்று எழுதுவார்கள். அவர் மட்டும் 'என் கம்பெனி மீட்டிங்' என்று எழுதுவார். ஒருநாள் மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, வெளியில் ரகசியமாகக் கம்பெனி ஏதாவது நடத்துகிறாரா என்று கேட்டார்.

"ஒரு கம்பெனி இல்ல பாஸ். நெறைய" என்றார் அண்ணன்.

விஷயம் இதுதான். கையில் கொஞ்சம் ஓவர்டைம் காசு சேர்ந்தால், ஒரு கம்பெனியில் எவ்வளவு குறைவாக ஷேர் வாங்க முடியுமோ அவ்வளவு வாங்குவார். வாங்கியதை விற்கமாட்டார். விலை இறங்கினாலும் விற்கமாட்டார், ஏறினாலும் விற்கமாட்டார். கேட்டால், "முதலாளி எங்கயாச்சும் கம்பெனிய விட்டு ஓடுவாரா தம்பி?" என்பார். ஷேர் வைத்திருப்பவர்களை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பார்கள் அல்லவா? ஒன்று விடாமல் போய்விடுவார். கிடங்கில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் சேர்மன்.

ஒரு முறை என்னையும் அழைத்துப் போனார். அவர் மனைவி விஜயா அக்கா பெயரிலும் அந்த பிஸ்கட் கம்பெனி ஷேர் இருந்தது. அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்டு. அதனால் அவருடைய பிரதிநிதியாக நான். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் தேநீர்க்கடை வாசல்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்தோம். "ஹோட்டல்ல தே, கறிபாப், எல்லாம் இருக்கு. அதுவும் நம்ம காசுதான், இதுவும் நம்ம காசுதான். எதுக்கு ரெண்டு தடவ குடிக்கணும்?" என்றார்.

பழைய துணிக்கடையில் வாங்கிய நீலக் கோட்டு போட்டிருந்தார். அதன் முந்தைய சொந்தக்காரர் பெரிய உருவமாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் உள்ளே திரும்பிய பிறகுதான் கோட்டு திரும்பும். வாசலில் ஆளுக்கொரு குடையும் பிஸ்கட் டின்னும் கொடுத்தார்கள். அவர் வீட்டில் அப்போதே குடும்பத்தினரைவிடக் குடைகள் அதிகம்.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினார். "மிஸ்டர் சேர்மன், நானும் சேர்மன்தான். வீட்டுல" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து ஆரம்பித்தார். மண்டபமே திரும்பியது. "இந்த வருஷம் டிவிடெண்ட் கொறஞ்சு போச்சு. எங்க வீட்டு ஃபைனான்ஸ் டைரக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மேடையில் இருந்தவர் நல்ல மனிதர். கோதுமை விலை ஏறியதைப் பொறுமையாக விளக்கிவிட்டு, உங்கள் ஃபைனான்ஸ் டைரக்டரிடம் என் மன்னிப்பைத் தெரிவித்துவிடுங்கள் என்றார். அண்ணன் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஷிஃப்டு முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மன்னிப்பா? அத வச்சு பாசார்ல எந்த மீனுங்க வாங்கறது?"

ஃபைனான்ஸ் டைரக்டர் என்பது வேடிக்கைப் பட்டமல்ல. குடும்பம் ஒரு கம்பெனி என்பது அண்ணனின் உறுதியான கொள்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பசியாறும் நேரத்தில், கிள்ளான் பிளாட்டில் கூட்டம் நடக்கும். அண்ணன் சப்பாத்திக் கட்டையால் மேசையைத் தட்டித் தொடங்கி வைப்பார். அக்கா, மகள் கோகிலா, மகன் முகிலன் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. சேர்மனுக்கும் ஒன்றுதான். அதே பிளாட்டில் கீழ்மாடியில் வாடகைக்கு இருந்த என்னை, வெளியாள் ஒருவர் இருந்தால்தான் கம்பெனி சுத்தமாக இருக்கும் என்று சொல்லி இயக்குநராக நியமித்தார். எனக்கு ஓட்டும் கிடையாது, சம்பளமும் கிடையாது. தோசை உண்டு. அதனால் ஒரு கூட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை.

அங்கே நான் கண்ட அதிசயம், சேர்மன் தோற்பார். புதிய சோபா வேண்டாம் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. சோபா வந்தது. ஃப்ரிட்ஜைப் பகலில் அணைத்து வைக்கலாம் என்ற தீர்மானத்துக்கு அவரைத் தவிர ஒரு கையும் உயரவில்லை. கோகிலாவை டிப்ளோமாவுக்கு அனுப்பும் செலவுக்கு அவரே இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையை இறக்கச் சொன்னோம்.

கஞ்சர் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஊரே போனஸ் வாங்கிக் காடியை, அதாவது காரை, மாற்றியபோது, இவர் தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளிலேயே போனார். அப்படி மிஞ்சிய காசில்தான் சுங்கை பூலோவில் ஒரு சின்ன பிளாட் வாங்கி, மருத்துவமனைத் தாதியர் இருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். வாடகை வீட்டுக் கடனைக் கட்டியது. கடன் முடிந்த மாதம் அண்ணன் கிடங்கு முழுவதற்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்தார். வாங்கியவர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் கேண்டீனுக்கு டை கட்டிய ஒருவர் வந்து, போட்ட பணம் சீக்கிரமே இரண்டு மடங்காகும் என்று ஏதோ திட்டத்தை விளக்கினார். அண்ணன் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "மீட்டிங் எங்க பாஸ் நடக்கும்?" என்றார்.

மீட்டிங்கெல்லாம் கிடையாது, எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

"மொதலாளிய கூப்பிட்டு ஒரு கறிபாப் குடுக்க மாட்டீங்கன்னா அது எப்படிலா என் கம்பெனி?" என்று எழுந்துவிட்டார் அண்ணன். டை கட்டியவர் சில மாதங்களுக்குப் பிறகு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சேர்ந்திருந்தவர்கள் வெகுநாள் தேடினார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் உண்மையான கம்பெனிகளின் கூட்டங்களும் போனுக்கு வந்துவிட்டன. அண்ணன் அப்போதும் கோட்டைப் போட்டுக்கொண்டு, போனைச் சாம்பார்ப் பானை மீது சாய்த்து வைத்து உட்கார்ந்தார். கேள்வி கேட்க மரியாதையாக எழுந்து நின்றார். அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் அனைவரும் ஒரு கோட்டுப் பித்தானோடு சிறிது நேரம் உரையாடினார்கள்.

இவ்வளவுக்கும் அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. சொகுசுக் காடியோ பங்களாவோ இல்லை. "ஒருநாள் காலையில அலாரம் அடிக்கணும் தம்பி. நான் அத பாத்து சிரிச்சிட்டு திரும்பிப் படுத்துக்கணும். யாரும் என்னைய ஏன் வரலைன்னு கேக்கக் கூடாது. அதான் சொதந்திரம்" என்பார். ஃபோர்க்லிஃப்ட் ஆசனத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவர் முகம் தூக்கம் கலையாத குழந்தையின் முகம் போல இருக்கும்.

அந்த நாள் பக்கத்தில் வந்தது. எங்கள் கிடங்கைத் தூரத்தில் இருக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். வர விரும்பாதவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகலாம். எல்லோரும் கலங்கி நின்றபோது அண்ணன் மட்டும் விசிலடித்துக்கொண்டு பெட்டிகளை அடுக்கினார். அந்த ஞாயிறு அவசரக் கூட்டம் கூட்டினார். வீட்டுக் கூட்டத்துக்கு அவர் கோட்டுப் போட்டு வந்தது அன்றுதான்.

"பிளாட் வாடகை வருது. டிவிடெண்ட் வருது. இழப்பீடு வருது. கோகிலா வேலைக்குப் போவுது. இந்தக் குடும்பத்துல ஒருத்தர் சம்பளம் நின்னாலும் இனிமே ஒண்ணும் ஆவாது" என்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதனால, நான் வேலைய விடுறேன். இதுதான் தீர்மானம்."

பிள்ளைகள் இருவரும் உடனே கை தூக்கினார்கள். அண்ணன் சிரித்தார். பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் சம்பளம் நின்னா பரவால்லன்னு சொன்னீங்க. அந்த ஒருத்தர் யாருன்னு இன்னும் ஓட்டு போடலையே."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கால் வலிக்குதுங்க. ஃபேக்டரில நின்னுகிட்டேதான் வேல. பஸ்லயும் நின்னுகிட்டுதான் வரேன். வந்தா அடுப்படியில நிக்கிறேன். இந்த மீட்டிங்லதான் நான் நிம்மதியா உக்காருறேன்."

"ஏன் விஜயா இவ்ளோ நாளா சொல்லல?"

"நீங்க எல்லா மீட்டிங்லயும் காச பத்தித்தான கேட்டீங்க. கால பத்தி யாரும் கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. மீன் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். அண்ணன் குனிந்து அவர் கால்களைப் பார்த்தார். வீங்கிய கணுக்கால்கள். எத்தனையோ கம்பெனிகளின் ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்த மனிதர், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். நான் தட்டில் இருந்த தோசையைத் தொடவில்லை.

பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார்.

"தீர்மானத்த வாபஸ் வாங்குறேன். புதுத் தீர்மானம். நம்ம ஃபைனான்ஸ் டைரக்டர் இந்த மாசத்தோட ஃபேக்டரி வேலைய விடுறாங்க. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பிள்ளைகள் தூக்கினார்கள். அக்கா தயங்கித் தயங்கித் தன் கையையும் பாதி தூக்கினார். நானும் தூக்கினேன்.

"தம்பி, ஒனக்கு ஓட்டு கெடையாது" என்றார் அண்ணன். கொஞ்சம் கழித்து, "சரி, இன்னைக்கு மட்டும் சேத்துக்கிறேன்" என்றார்.

அதன்பிறகு சில ஆண்டுகள் அவர் தெலுக் பங்லிமா காராங்குக்கு அந்தக் கப்சாயிலேயே போய் வந்தார். லோரிகளின் புழுதியில் குளித்தும் மழையில் நனைந்தும் வந்து வருகை அட்டையைத் தட்டுவார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, அங்கேயும் கிராணியாக இருந்த என் மேசைக்கு வந்து, "ஒங்க அக்கா இன்னும் எந்திரிக்கல தம்பி. நல்லா தூங்குறா" என்பார். டிவிடெண்ட் அறிவிப்பதுபோல இருக்கும். முதல் வாரம் அக்கா பழக்கத்தில் எழுந்துவிட்டாராம். இவர்தான் அதட்டிப் படுக்க வைத்தாராம்.

ஹோட்டல்களில் பொதுக்கூட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது அக்காவே போக ஆரம்பித்தார். முதல் கூட்டத்திலேயே மைக்கை வாங்கி, பெயர் பதியும் வரிசையில் வயதானவர்கள் நிற்கிறார்களே, உட்கார நாற்காலி போடக் கூடாதா என்று கேட்டாராம். அடுத்த ஆண்டு போட்டிருந்தார்கள். அண்ணன் அந்த நாற்காலிகளைப் போனில் படம் எடுத்து வரச்சொல்லி, கிடங்கில் எல்லோருக்கும் காட்டினார்.

முகிலனும் வேலைக்குப் போன பிறகு, அண்ணனின் பழைய தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குள் எனக்குத் துறைமுகத்தில் வேறு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பிளாட்டையும் மாற்றியிருந்தேன். போன மாதம் ஒரு வார நாள் காலை, தஞ்சோங் ஹராப்பான் கடற்கரைப் பக்கம் போனபோது, ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு கப்பல் நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணே செய்றீங்க, இந்த நேரத்துல?"

"ஒண்ணும் செய்யல தம்பி. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணும் செய்யாம இருக்கோம்."

அக்கா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு எழுந்து போக மனம் வரவில்லை.