ஜி.எம். ஆனதற்கு நன்றிப் பூசை

சேசு மரி சூசை துணை

திருமுல்லைவாயில்,
ஞாயிறு மதியம்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய ரிச்சர்ட் மாமாவுக்கு, உங்கள் மச்சினன் இக்னேஷியஸ் முழங்காலில் நின்றபடி எழுதிக்கொள்வது. பக்தியினால் அல்ல. நீங்கள் ஓசூருக்கு மாற்றலாகிப் போகும்போது என் கையில் கொடுத்த அந்த இருபது முகத் தாயக்கட்டை பீரோவுக்கு அடியில் போய்விட்டது, துடைப்பத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் பிள்ளைகளும் சுகமா? இங்கே சர்வேசுரன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றது எதுவும் சரியில்லை. கட்டை கிடைத்ததும் மொத்தத்தையும் துணிப்பையில் போட்டு உங்களுக்கே கூரியர் பண்ணிவிடுகிறேன். இனிமேல் நான் கதை நடத்த மாட்டேன் மாமா. முடியல.

கோவில்பதாகை வீட்டில் நீங்கள் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லணும், மற்றவர்கள் அதற்குள்ளே ஆளுக்கொரு வேஷம் கட்டி "நான் இதைச் செய்றேன்" என்று சொல்லணும், செய்தது பலித்ததா இல்லையா என்று கட்டை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். நீங்கள் நிறுத்தினால் நாங்கள் விட்டோமா? "அப்புறம்? அப்புறம் இன்னா ஆச்சு மாமா?" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்துவோம். அந்த ஒரு 'அப்புறம்' போதும் மாமா எனக்கு. நான் நடத்த ஆரம்பித்ததிலிருந்து ஒரு பயல் அப்படிக் கேட்டதில்லை.

என் கூட வேலை செய்யும் ஜெர்வினும் அவன் பெண்டாட்டி ஜாஸ்லினும்தான் என் ஆட்டக்காரர்கள். ஞாயிறு வருகிறீர்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், நான் பூசை முடிந்து ஓடிவந்து பாயை விரித்து, கோட்டை வரைபடத்தை ஒட்டி, வீட்டுக்காரி பெனிஷா காலில் விழாத குறையாக பஜ்ஜி போடவைத்த பிறகு "ஸாரி மச்சி, மாமியாரு வந்துகினு கீறாங்க" என்று செய்தி வரும். வந்த நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? போன மாசம் கதையில் ஒரு பாலத்தில் ஒரு பெரியவரை நிறுத்தினேன். அவர்தான் மாறுவேஷத்தில் இருக்கும் ராஜா, அவர் மடியில்தான் கோட்டைச் சாவி, அவர் பாடுவதற்கு ஒரு தாலாட்டு வேறு எழுதியிருந்தேன். "பெரியவர் கண்ணில் தண்ணி. கை கூப்புகிறார். என்ன செய்றீங்க?" என்றேன். ஜெர்வின் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே "அட்ச்சிட்றேன்" என்றான்.

"டேய், அழுதுகினு கீறாருடா!"

"இன்னா மச்சி, அளுதா அடிக்கக் கூடாதுன்னு ரூல் கீதா?"

உருட்டினான். இருபது விழுந்து தொலைத்தது. ராஜா ஒரே அடியில் காலி, தாலாட்டும் காலி. ஜாஸ்லின் பஜ்ஜியை மென்றுகொண்டே, "அண்ணா, நான் யாரு? வில்லா, வாளா?" என்றாள். வாராவாரம் கேட்பாள். "நீ மந்திரவாதிம்மா" என்றேன். "ஐயே, மந்திரம் பாவமில்ல?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். சமையலறையிலிருந்து பெனிஷா, "சிலுவைக்குக் கீள ஆண்டவரோட அங்கிக்குச் சீட்டுப் போட்டானுங்களே சேவகனுங்க, அவனுங்களும் இப்டித்தான் உருட்டிகினு இருந்தானுங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது மாமா.

இதிலே இன்னொரு கூத்து. கதை நடத்துகிறவனுக்கு கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். என்று பெயர் அல்லவா? எங்கள் தெருக்காரர்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் "உங்க ஊட்டுக்காரர் ஏன் வரல?" என்று யாரோ கேட்க, பெனிஷா எரிச்சலில் "அவுரு ஞாயித்துக்கெழமையானா ஜி.எம். ஆயிடுவாரு" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற ஜனத்துக்கு ஜி.எம். என்றால் ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு ஞானம்மாள் ஆன்ட்டி சும்மா இருப்பார்களா? என் பெயரில் நன்றிப் பூசைக்குப் பணம் கட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் பூசைக் கருத்தை வாசிக்கிறார்: "இக்னேஷியஸ் ஜெனரல் மேனேஜராக உயர்ந்ததற்கு நன்றியாக." என் முன் பெஞ்சில் எங்கள் கம்பெனியின் நிஜ ஜி.எம்.! மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முழங்காலில் இருந்த நான் பூசை முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஞானம்மாள் ஆன்ட்டி மாடியில் குடியிருக்கும் சரண் வந்து நின்றான். மண்ணூர்பேட்டைக்காரன், வேலை போய் உட்கார்ந்திருக்கிறான். "நானும் வர்லாங்களா சார்?" என்றான். இன் பண்ணிய சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நான் பூரித்துப்போனேன். நேரத்துக்கு வருவான், போனை அணைத்து வைப்பான், நான் பேசினால் கண்ணை எடுக்க மாட்டான். உன் பாத்திரத்தின் வரலாற்றை எழுதி வா என்றேன். ஜெர்வின் இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை, இவன் மறுவாரமே டைப் அடித்து ஃபைலில் போட்டுக் கொண்டுவந்தான். தகப்பனார் பெயர் சின்னசாமி, படிப்பு டிப்ளமோ மெக்கானிக்கல், லேத்தில் அனுபவம், பொழுதுபோக்கு கிரிக்கெட். அடடா, என்ன யதார்த்தம் என்று உருகிப்போய் அவனைச் செத்துப்போன ராஜாவின் ஆயுதக் கொல்லனாக ஆக்கிவிட்டேன். "பூதம் மறிக்குது, என்ன செய்றே?" என்றால் எழுந்து நின்று, "டீமோட சேந்து சமாளிப்பேன் சார். பிரஷர்ல நல்லா வேல செய்வேன்" என்பான். பெரிய நடிகன் என்று நினைத்தேன் மாமா.

இன்றைக்கு ஜெர்வின் தம்பதி கட்டைவிரலோடு சரி. சரண் மட்டும் வந்தான். கோட்டையின் கடைசிக் கதவு வரை வந்துவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. "என்ன செய்றே?" என்றேன். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். "தப்பா நெனக்காதீங்க சார். இது எத்தினியாவது ரவுண்டு? எப்ப ஆர்டர் குடுப்பீங்க? ஊட்ல கேட்டுகினே கீறாங்க" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சரண், நான் அந்த ஜி.எம். இல்லப்பா. கம்பெனில நான் வெறும் குவாலிட்டி செக்கிங். இது வெளையாட்டு" என்றேன். கட்டை அவன் கையிலிருந்து நழுவி பீரோவுக்கு அடியில் உருண்டது. ஃபைலை எடுத்துக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டான். என் கதையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள், வேலைக்காகக் கேட்டிருக்கிறான். வேலை தேடுகிறவனின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்றுவிட்டேனே, பாவி நான். போதும் மாமா, எனக்கு வெறுத்துவிட்டது.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. இடம் மிச்சமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
கதை நடத்துவதை அடியோடு விட்டுவிட்ட
இக்னேஷியஸ்

பி.கு.: கவரை ஒட்டும்போது காலிங் பெல். சரண். லுங்கியில் வந்திருக்கிறான், ஷூ இல்லை, ஃபைல் இல்லை. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று கும்பிட்டுவிட்டேன். "வேல இல்லன்றது செரி சார், அத்த உடு. அந்தக் கதவுக்குப் பின்னால எவன் சார் என் பேரச் சொல்லிக் கூப்ட்டது? சோறு எறங்கல சார். அப்புறம் இன்னா ஆச்சு?" என்றான். பீரோவை அவனே நகர்த்திக் கட்டையையும் எடுத்துக் கொடுத்தான். கூரியர் வராது மாமா, எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு அவசரம். அந்தக் கதவு வரைக்கும் எவனாவது வருவான் என்று நான் நினைக்கவே இல்லை, அதனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லுங்கள் மாமா, அந்தக் கதவுக்குப் பின்னால் யாரு?