மூடிய கேள்வியைத் திறக்கக் கோரி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உங்கள் மாமியாரும் நலமாகத்தான் இருக்க வேண்டும். மூன்று வாரமாக என்னோடு பேசாததால் கேட்டு உறுதி செய்ய முடியவில்லை. அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையிடம் மாமனார் காரியம் கேட்டு எழுதுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் அந்த இணையத்தளத்தில் நீங்களும் ஒரு மேற்பார்வையாளர் என்று மகள் சொன்னாள். அங்கே என் கேள்வி ஒன்று, யாரும் பதில் எழுத முடியாதபடி மூன்று தடவை இழுத்து மூடப்பட்டுக் கிடக்கிறது. அதைத் திறந்துவிட வேண்டும். விஷயத்தைச் சொல்கிறேன்.

முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஓடிவிட்டு ஓய்வுபெற்ற மனிதன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? சமையலறையில் மூக்கை நுழைப்பான். நான் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கிய மறுநாளே உங்கள் மாமியார் என்னை ஒரு புரோகிராமிங் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். கற்றதை எங்கேயாவது காட்ட வேண்டுமே! எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடு, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு வாஷிங் மெஷின். யார் எப்போது துவைப்பது என்று வாரா வாரம் ரகளை. ஓர் ஈரப் போர்வையை முன்னிட்டு நான்காம் மாடி பல் டாக்டருக்கும் மூன்றாம் மாடி பாட்டு டீச்சருக்கும் பேச்சே நின்றுபோனது. குடியிருப்போர் கூட்டத்தில் நான் எழுந்து, "ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். யாருக்கும் பாரபட்சம் இருக்காது" என்று மார்தட்டினேன். எழுதியும் கொடுத்தேன். ஞாயிறுதோறும் அது பட்டியலைத் தரும், நான் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். எல்லா வீட்டுக்கும் முறை வந்தது, ஒன்றாம் எண் வீட்டைத் தவிர. ஒன்றாம் எண் வீடு நம் வீடு.

முதல் வாரம் ஏதோ பிசகு என்று விட்டேன். இரண்டாம் வாரமும் அப்படியே. கையால் ஒரு வரி சேர்த்து எழுதினால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். எப்படி எழுதுவது? அதற்குள் கட்டிடமே என்னை மகானாக்கிவிட்டது. பாட்டு டீச்சர் லிஃப்டுக்குள் வைத்து, "தனக்குன்னு ஒரு முறைகூட எடுத்துக்காம எங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுத்திருக்கீங்களே, இந்தக் காலத்துல யாருங்க இப்படி இருக்காங்க?" என்று கண் கலங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் வந்தால், குளியலறையில் முழங்கை வரை சோப்பு நுரையோடு படுக்கை விரிப்பை அடித்துக்கொண்டிருந்த உங்கள் மாமியார், "ஊருக்கெல்லாம் முறை போட்டுக் குடுத்த மனுஷனுக்கு வீட்ல ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் வந்துச்சா?" என்றாள். புரோகிராமில் பிழை என்றேன். "உங்க பேரு பெரிசாகணும்னு என் கையத் தேய விட்டுட்டு, கம்ப்யூட்டர் மேல பழியப் போடாதீங்க" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைத் திட்டாமல் விட்டது இந்த மூன்று வாரம்தான், மாப்பிள்ளை. திட்டு இல்லாத வீடு இப்படி வெறிச்சோடிக் கிடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதனால்தான் உங்கள் சபைக்கு வந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் கூடும் இடமாயிற்றே என்று வணக்கம் சொல்லி, எல்லோருடைய நலமும் விசாரித்து, என் லிஃப்ட் அனுபவம், மெஷினின் வயது, ஈரப் போர்வை, உங்கள் மாமியாரின் மௌனம் என்று மூன்று பக்கம் எழுதினேன். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது போலிருக்கிறது. 'பென்சில்சீவி' என்று ஒருவர் இரண்டே நிமிஷத்தில் வந்து வணக்கத்தை வெட்டினார், நன்றியை வெட்டினார், 'கேள்வி தெளிவாக இல்லை' என்று மூடினார். சரி, நீளம்தானே குறை என்று, 'என் புரோகிராம் சரியாக வேலை செய்யவில்லை. ஏன்?' என்று மட்டும் கேட்டேன். 'விவரம் போதாது' என்று மூடினார். கூட்டினாலும் குற்றம், குறைத்தாலும் குற்றம். மூன்றாவது தடவை நடுத்தரமாக எழுதினேன். 'இது பதினோரு வருஷம் முன்பே கேட்கப்பட்ட கேள்வி' என்று ஓர் இணைப்பைக் கொடுத்து மூடினார். போய்ப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வருகைப் பதிவில் முதல் மாணவனைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுத் துணிக்கும் அவர் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? எனக்கு வந்த கோபத்தில் லிஃப்ட் இருந்தும் நாலு மாடியைப் படியில் ஏறி இறங்கினேன்.

எந்தக் கேள்வியை வரவேற்பது, எதை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், மாப்பிள்ளை. என் பிழைப்பே அதுதான். போன் அடிக்கும். "லிஃப்ட் சரியில்லைங்க" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எந்த மாடியில் நின்றது, எந்தப் பொத்தானை அழுத்தினார்கள், கதவு திறந்திருந்ததா, என்ன சத்தம் வந்தது, இந்த நாலும் தெரிந்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். ஆனால் நாலும் சொல்லாதவர்களிடம் நான் போனை வைத்ததில்லையே! "உள்ள ஆள் இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பென்சில்சீவி அதைக் கேட்கவில்லை. என் கேள்விக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருந்தது. 'உலகத்திலேயே நல்ல லிஃப்ட் எது?' என்று பொழுது போகாமல் கேட்கிறவனை நீங்கள் தாராளமாக மூடுங்கள். 'நாளைக்குப் பரீட்சை, விடையை மட்டும் அனுப்பவும்' என்கிறவனையும் மூடுங்கள். தானே முட்டி மோதி, கை அழுக்கான பிறகு வந்து நிற்கிறவன் தப்பும் தவறுமாகக் கேட்டாலும் உட்காரவைத்துக் கேட்க வேண்டாமா?

இவ்வளவு சொன்ன வாயால் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று வீம்புக்கு, பென்சில்சீவி மூடும்போது சுட்டிக்காட்டிய தள விதிப்படியே நாலாம் தடவை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பிழை தெரிகிற அளவுக்கு மட்டும் புரோகிராமை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் நீக்க வேண்டுமாம். பன்னிரண்டு வீட்டை மூன்றாக்கினேன், கிழமையை எடுத்தேன், நேரத்தை எடுத்தேன். மிஞ்சியது ஐந்தே வரி. அதில் 'ஒன்றிலிருந்து எண்ணு' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். கணினி வரிசையின் முதல் ஆளைப் பூஜ்யம் என்றுதான் எண்ணுமாம். ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். வாத்தியாரின் மாணவனும் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறான். எத்தனை கட்டிடங்களில் தரைத்தளத்துக்குப் பூஜ்யம் போட்ட பொத்தானை மாட்டிய கை இது! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பென்சில்சீவி சொன்னது சரி.

ஆனாலும் கேள்வியைத் திறக்கத்தான் வேண்டும். நாளைக்கு வாஷிங் மெஷினில் முறை விடுபட்ட இன்னொருவன் வந்தால், பள்ளிக்கூட வருகைப் பதிவில் போயா தேடுவான்? என் கேள்வியில் கால் வைத்தால்தான் வாத்தியாரிடம் போய்ச் சேருவான். நீங்கள் திறந்துவிட்டால் பதிலை நானே கீழே எழுதிவிடுகிறேன். திருத்திய பட்டியலை நாளைக் காலை ஒட்டப்போகிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணி நம் வீட்டு முறை. உங்கள் மாமியாரின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவேன்.

நீங்கள் இருவரும் தொட்டது துலங்கி, மனம் ஒத்து, நெடுங்காலம் வாழ வேண்டும். பென்சில்சீவி அவர்களைக் கண்டால், கொஞ்சம் நிதானித்து மூடும்படி ஒரு பெரியவர் சொன்னதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. பல் டாக்டரும் பாட்டு டீச்சரும் ஜோடியாக நிற்கிறார்கள். என் தியாகத்தை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பதினோரு வீடும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். ஒன்றாம் எண் வீட்டுக்கு முறை கிறை எதுவும் கிடையாது. எந்த நாளும் எந்த நேரமும் துவைக்கலாம், மற்றவர்கள் வழிவிடுவார்கள். நான் உண்மையைச் சொல்ல, "அது வந்துங்க, அந்தப் புரோகிராம்ல..." என்று ஆரம்பித்தேன். "இதெல்லாம் பேசினா அவருக்குக் கூச்சம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. உங்கள் மாமியார்!

அவர்கள் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நெஜமாவே பிழைதானா அது?" ஐந்து வரியையும் காட்டினேன். "அதானே! உங்களுக்குத் தியாகமெல்லாம் வராதுன்னு எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். இது வேற யாருக்குத் தெரியும்?" மாப்பிள்ளை இருக்கிற தளத்தில் கேட்டிருக்கிறேன், மூடிவிட்டார்கள் என்றேன். "மூடின கை நல்லா இருக்கணும். நீங்க ஒண்ணும் சரிபண்ணிக் கிழிக்க வேண்டாம்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். என் கேள்வியைத் திறக்காதீர்கள். பல் டாக்டர் இணையம் பார்க்கிறவர், முடிந்தால் அடியோடு அழித்துவிடுங்கள். மூன்று வாரத்துத் திட்டு பாக்கி என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். நான் போய் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க வேண்டும்.